கோடு தட்டிய எழுத்தர்: ரூத் வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் தட்டச்சு ஓவியங்கள்

தட்டச்சு இயந்திரத்தில் 45 பாகைச் சாய்கோடு போடுவது எளிதல்ல. பரவலாகப் புழங்கிய இயந்திரங்களில் ஓர் அங்குல அகலத்துக்கு 10 எழுத்துகள் விழும். ஓர் அங்குல உயரத்துக்கோ 6 வரிகள்தான். அதாவது ஒவ்வோர் எழுத்தும் நிற்கும் கட்டம் சதுரம் அன்று, அகலத்தைவிட உயரம் கூடிய ஒரு சிறு செவ்வகம். வரிக்கு ஓர் எழுத்து வீதம் வலப்பக்கம் தள்ளித் தட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ 59 பாகையில் சரியும் கோடுதான் கிடைக்கும். ஒரு சதுரம் வேண்டுமென்றால் 6 வரிக்கு 10 எழுத்து என்று கணக்கு வைத்துத் தட்ட வேண்டும். வட்டமோ அலையோ வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் தனிக்கணக்கு. ஏ4 தாள் ஒன்றில் குறுக்கே சுமார் 80, நெடுக்கே சுமார் 70 என்று 5,600 கட்டங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் தவறான விசையைத் தட்டிவிட்டால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. இந்தக் கட்டங்களுக்குள் அலைகளையும் கனசதுரங்களையும் கூண்டுகளையும் எழுப்பினார் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ரூத் வோல்ஃப்-ரேஃபெல்ட். 1970-களின் தொடக்கத்திலிருந்து 1990 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதைச் செய்தார்.

அவர் ஓவியப் பள்ளியில் பயின்றவர் அல்லர். 1932-இல் சாக்சனிப் பகுதியின் வுர்ட்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். தொழிற்சாலை அலுவலகப் பணிக்கான பயிற்சி பெற்றார். 1950-இல் பெர்லினுக்கு வந்தார். பிறகு கிழக்கு பெர்லினின் கலைக் கழகத்தில் கண்காட்சிப் பிரிவு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவருடைய கணவர் ராபர்ட் ரேஃபெல்ட், கலைப்படைப்புகளை அஞ்சலில் அனுப்பிப் பகிர்ந்துகொள்ளும் அஞ்சல்வழிக் கலை என்ற இயக்கத்தைக் கிழக்கு ஜெர்மனியில் முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர், 1993-இல் மறைந்தார். கணவரின் கைகளில் அச்சுக்கலையும் தூரிகையும் இருந்தன. மனைவியிடம் இருந்தது எரிக்கா என்ற தட்டச்சு இயந்திரம், ட்ரெஸ்டன் நகரில் 1910 முதல் வெளிவந்த வகை. அதில் தட்டியவற்றை அவர் ‘டைப்ரைட்டிங்ஸ்’ என்றே அழைத்தார். தட்டியதோடு அவர் நிற்கவுமில்லை. கார்பன் தாள் வைத்துப் படி எடுத்தார். தட்டிய தாளைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார். வெட்டி ஒட்டிப் புதிய படங்கள் ஆக்கினார். அஞ்சலட்டைகளாக்கி உலகெங்கும் அனுப்பினார். 2017-இல் ஏதென்ஸிலும் காசலிலும் நடந்த 14-ஆவது டாக்குமென்டா கலைக் கண்காட்சியில் இவை காட்சிக்கு வந்த பிறகுதான் பரந்த கலையுலகம் அவரைக் கவனித்தது. 2022-இல் பெர்லின் நகரின் ஹானா ஹோஹ் பரிசு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் தமது 92-ஆவது வயதில் காலமானார்.

கவனம் கிடைத்த பிறகு அவருடைய படைப்புகளை இரண்டு விதமாகப் படிக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது. ஒன்று அரசியல் வாசிப்பு: கண்காணிப்பு அரசின் கீழ் வாழ்ந்த ஒரு பெண் எழுத்துகளின் மறைவில் தம் எதிர்ப்பைச் சொன்னார் என்பது. மற்றொன்று வடிவ வாசிப்பு: எளிய குறிகளைக் கொண்டு கண்கவர் வடிவங்களைப் பின்னினார் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தட்டச்சு இயந்திரத்தை ஒரு பேனாவுக்குச் சமமாக வைத்துவிடுகின்றன, கையில் அகப்பட்ட கருவி அதுவாக இருந்தது என்பதோடு முடித்துக்கொள்கின்றன. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அலுவலகப் பொருள்களுக்கென்று ஒரு பழக்கிய பார்வை இருக்கிறது. தட்டச்சிட்ட தாளைக் கண்டதும் கண் அதைப் படமாகப் பார்ப்பதில்லை. இடமிருந்து வலமாகச் செய்தி தேடுகிறது, யார் யாருக்கு எழுதியது என்று பார்க்கிறது, எந்தக் கோப்பில் சேர வேண்டியது என்று தீர்மானிக்கிறது. வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் கோடு அந்தப் பார்வைக்குள் புகுந்து அதைத் திசைமாற்றுவதால்தான் வலுப்பெறுகிறது. இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். இதே படத்தைத் தூரிகையால் தீட்டியிருந்தால் எதை இழந்திருப்போம்? ஒன்றுமில்லை என்பது பதிலானால், அலுவலகப் பொருள் அங்கே வெறும் அலங்காரம். படமே இல்லாமல் போயிருக்கும் என்பது பதிலானால், பொருள்தான் அங்கே சிந்தித்திருக்கிறது.

தட்டச்சுப் பயிற்சியின் நோக்கம் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேர்வுக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து விரலும் ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். எழுத்தின் மேல் எழுத்து ஏறக் கூடாது. ஓரம் நேராக நிற்க வேண்டும். தாள் கோணலாக ஏறக் கூடாது. தட்டியவர் யார் என்று தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி கையை அழிப்பதே பயிற்சியின் வெற்றி. வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் வழிமுறைகளை இந்த விதிப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கருமை கூட வேண்டிய இடத்தில் ஒரே கட்டத்தில் எழுத்துகளை ஏற்றித் தட்டும் வழி இருக்கிறது. வரிக்கும் வரிக்கும் இடையே நுழைய உருளையின் குமிழை அரைப்பங்கு திருப்பலாம். தாளைக் கழற்றித் திருப்பிச் செருகினால் கிடைவரி நெடுவரியாகும். தேர்வில் மதிப்பெண் குறைப்பதற்குக் காரணமாகும் ஒவ்வொரு பிழையும் இங்கே ஒரு நிழலாகவோ விளிம்பாகவோ ஆகிறது. இந்தப் பிழைகளைத் தற்செயலாகச் செய்ய முடியாது என்பது இன்னும் முக்கியம். விதிகளை முழுதும் கைவரப் பெற்றவரால்தான், எந்த விதியை எந்தக் கட்டத்தில் எத்தனை முறை மீறுவது என்று 5,600 கட்டங்களுக்கும் கணக்கு வைக்க முடியும். ஓர் அலுவலக ஊழியரின் முழுத் திறமையும் அலுவலகம் கேட்காத ஒரு வேலைக்குத் திரும்பியிருக்கிறது. தூரிகையில் இந்தத் திரும்பலுக்கு இடமே கிடையாது, ஏனென்றால் தூரிகையிடம் யாரும் நேரான ஓரத்தைக் கேட்டதில்லை.

அடுத்து, சொல். தட்டச்சுப் படங்கள் அவருக்கு முன்பே இருந்தன என்பது நியாயமான ஆட்சேபம். ஃப்ளோரா ஸ்டேசி என்ற பெண் 1898-இலேயே தட்டச்சு இயந்திரத்தில் ஒரு பட்டாம்பூச்சியை வரைந்திருக்கிறார். அழகான படம், அந்தப் பொறுமைக்குக் கைகூப்பலாம். தட்டச்சாளர்கள் ஓய்வு நேரத்தில் பூக்களையும் தலைவர்களின் முகங்களையும் தட்டிப் பழகிய மரபு நீண்டது. ஆனால் அங்கே எழுத்து புள்ளியாக மட்டும் வேலை செய்கிறது. அடைப்புக்குறி இறகின் வளைவாகிறது, காற்புள்ளி விளிம்பாகிறது, அத்தோடு அவற்றின் மொழி வாழ்வு முடிந்துவிடுகிறது. வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் பல தாள்களிலோ சொல் சொல்லாகவே நீடிக்கிறது. அவருடைய கூண்டுப் படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆங்கிலத் தலைப்பு ‘கேஜி பீயிங்’. ‘கேஜி’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் எச்சரிக்கையுள்ள, மனத்தைத் திறக்காத என்பது. காதிலும் கண்ணிலும் அது கூண்டைக் குறிக்கும் ‘கேஜ்’ என்ற சொல்லை அப்படியே சுமந்து நிற்கிறது. எச்சரிக்கையாக இருப்பதும் கூண்டாக இருப்பதும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்கின்றன. இன்னொரு தலைப்பின் பொருள் ‘ஓட்டத்தில் இருக்கும் கூண்டுகள்’. ஓட வேண்டியவர் கைதி அல்லவா? இங்கே கூண்டே ஓடுகிறது. சீரான கம்பிகள்போல் குறிகளை அடுக்குவதற்கென்றே செய்ததுபோன்ற இயந்திரத்தில், கம்பிகள் இடம்பெயரும் படத்தைத் தட்டுவது என்பது, இயந்திரத்தின் இயல்பை அதன் இயல்பைக் கொண்டே மறுப்பது. படமும் சொல்லும் கருவியும் ஒரே முடிச்சில் சிக்கியிருக்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும்.

அப்படியானால் இது கவிதை, ஓவியமாகக் கருதுவதே பிழை என்று ஒருவர் சொல்லலாம். 1950-களில் சுவிட்சர்லாந்தில் ஆய்கன் கொம்ரிங்கரும் பிரேசிலில் சாவோ பாலோவின் நொய்காந்த்ரெஸ் குழுவினரும் தொடங்கிய காட்சிக் கவிதை இயக்கத்தில் இவரையும் சேர்த்துவிடலாமே என்பது அந்த வாதம். உறவு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் கொம்ரிங்கரின் கவிதை ஒன்றை வேறோர் எழுத்துருவில், வேறொரு தாளில் அச்சுக் கோத்தாலும் அது அதே கவிதைதான். சொற்களுக்கிடையே உள்ள வெளியின் விகிதம் காப்பாற்றப்பட்டால் போதும். வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் தாளை வேறோர் எழுத்துருவில் கோத்தால் கனசதுரம் சரிந்துவிடும், அலை கோணலாகிவிடும். ‘i’-க்கும் ‘m’-க்கும் ஒரே அகலம் தரும் தட்டச்சின் பிடிவாதத்தின் மேல்தான் அந்தக் கட்டுமானம் நிற்கிறது. இங்கிலாந்தின் ப்ரிங்க்னாஷ் மடத்தில் வாழ்ந்த பெனடிக்டின் துறவி டொம் சில்வெஸ்டர் ஹூடார்டை இவருக்கு உண்மையான அண்டைவீட்டார் எனலாம். அவரும் ஒரு சிறிய ஒலிவெட்டி இயந்திரத்தில், பல நிற ரிப்பன்களையும் கார்பன் தாள்களையும் கொண்டு மிதக்கும் தூண்களையும் படிக்கட்டுகளையும் தட்டியவர். துறவியின் தாள்கள் தியானத்தை நோக்கிப் போகின்றன; எழுத்தரின் தாள்கள் அலுவலகத்தை விட்டு வெளியேறவில்லை, அதன் உள்ளேயே வேறொரு கதவைத் தேடுகின்றன.

கை தொடாத கோடு ஓவியமாகுமா என்பது இன்னும் கடுமையான கேள்வி. ஓவியனின் விரல் நடுக்கம், அழுத்தம், தயக்கம் ஆகியவை கோட்டில் பதிவதால்தான் வரைதலை அந்தரங்கமான கலை என்கிறோம். அந்த அளவுகோலை முற்றிலும் ஒதுக்க நான் தயாராக இல்லை. ஆனால் அவர் தட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்தே கை என்பதன் பொருள் மாறிக்கொண்டிருந்தது. 1966-இல் நியூயார்க்கில் மெல் பொக்னர் என்ற கலைஞர் ஒரு கண்காட்சிக்காக நண்பர்களின் வரைவுகளையும் குறிப்புகளையும் திரட்டினார். சட்டமிடப் பணமில்லை என்று கலைக்கூடம் கைவிரித்தது. அவர் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, நான்கு ஒரே மாதிரியான கோப்புறைகளில் கோத்து, நான்கு பீடங்களின் மேல் வைத்துவிட்டார். பார்வையாளர்கள் அலுவலகக் கோப்பைப் புரட்டுவதுபோல் ஓவியங்களைப் புரட்டினார்கள். ஹாம்பர்கைச் சேர்ந்த கலைஞர் ஹானே டார்போவன் 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் கட்டம் போட்ட தாளில் தொடங்கி, பிறகு ஊர் திரும்பி ஒரு கணக்கரைப்போல் நாள்தோறும் மேசையில் அமர்ந்து எழுதினார். தேதிகளைக் கூட்டினார்: 31.12.99 என்றால் 31, 12, 9, 9 ஆகியவற்றைச் சேர்த்து 61. ஒரு நூற்றாண்டின் நாள்களை இப்படிக் கூட்டிப் பக்கம் பக்கமாக எழுதினார். அவருடைய ‘பண்பாட்டு வரலாறு 1880–1983’ என்ற படைப்பில் மட்டும் 1,590 தாள்கள். டார்போவனின் கை வேலை செய்கிறது, ஆனால் தன்னை வெளிக்காட்ட மறுக்கிறது. வோல்ஃப்-ரேஃபெல்ட்டின் கையை மறைப்பதற்கென்றே இயந்திரம் இருக்கிறது, ஆனால் அது கசிந்துவிடுகிறது. ஒரே விசையை நூறு முறை தட்டும்போது விரல் சோர்வதும், ரிப்பன் தேய்ந்து எழுத்து வெளிறுவதும், புது ரிப்பன் வந்ததும் மீண்டும் கறுப்பதும் தாளில் பதிகின்றன. அந்தரங்கம் அழியவில்லை. உழைப்பு நேரத்தின் பதிவாக அது உருமாறியிருக்கிறது, அவ்வளவே. வேலை நேரம் முழுவதும் பிறர் சொற்களைத் தட்டிய பெண்களின் கைக்கு வேறு எந்தக் கோடு இவ்வளவு நேர்மையாக இருக்க முடியும் என்று தெரியவில்லை.

பொருளை மாற்றிப் பார்க்கும் சோதனையை மற்றவர்களிடமும் வைக்காவிட்டால் அது வசதியான வாதமாகிவிடும். கலைஞர் மீரா ஷெண்டல் சூரிச்சில் பிறந்து 1949-இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர். 1960-களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ‘வரைகலைப் பொருள்கள்’ என்ற வரிசையில் லெட்ராசெட் எழுத்துகளைப் பயன்படுத்தினார். விளம்பரக் கூடங்களிலும் வரைவாளர் மேசைகளிலும் கிடந்த, தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் அவை. மெல்லிய ஜப்பானியத் தாளில் அவற்றைச் சிதறவிட்டு, கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பலகைகளுக்கிடையே வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். எழுத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்பதே இல்லாமல் போனது. ஒட்டும் எழுத்தும் ஒளி ஊடுருவும் தாளும் இல்லாமல் அந்தப் படைப்பை நினைத்துப்பார்க்க முடியாது; சோதனையில் முழுதும் தேறுகிறது. சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை வேறு திசையில் நிற்கிறது. கணக்கு நோட்டின் பக்கத்தையும் ஜாதகக் கட்டத்தையும் நினைவூட்டும் பரப்பில், எழுத்துபோலத் தோன்றி எதையும் சொல்லாத வரிகளை அவர் தூரிகையால் நிரப்பினார். எழுத்தின் தோற்றம்தான் அங்கே முக்கியம், எழுதும் கருவி அல்ல. இதனால் பணிக்கரின் மதிப்பு இம்மியும் குறையாது. அவர் ஓவியத்துக்குள் எழுத்தை அழைத்து வந்தார். வோல்ஃப்-ரேஃபெல்ட் எழுத்துப் பணிக்குள் ஓவியத்தைக் கண்டெடுத்தார். இரண்டையும் ‘எழுத்தைப் பயன்படுத்திய கலை’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டுமே புரியாமல் போகும்.

இனி அரசியல் வாசிப்பு. கிழக்கு ஜெர்மனியில் தட்டச்சு இயந்திரம் ஒரு நிரபராதியான பொருள் அன்று. அரசின் உளவு அமைப்பான ஸ்டாசி தட்டச்சு எழுத்து மாதிரிகளைச் சேகரித்து வைத்திருந்தது. பெயரில்லாத துண்டறிக்கை எந்த இயந்திரத்தில் பிறந்தது என்பதை எழுத்தின் தேய்மானத்தைக் கொண்டு தேடியது. அஞ்சல் நிலையங்களில் கடிதங்களைத் திறந்து பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது. நகல் எடுக்கும் இயந்திரங்கள் கடும் கட்டுப்பாட்டில் இருந்தன. சாதாரணக் குடிமகனுக்கு எட்டிய நகல் வழிகளில் எளியது கார்பன் தாள்தான். இத்தனையும் தெரிந்த பிறகு கூண்டுப் படத்தைப் பார்த்துப் பெர்லின் சுவரை நினைக்காமல் இருக்க முடியுமா? முடியாது, நினைக்கவும் வேண்டும். என் மறுப்பு இந்த வாசிப்பு நின்றுவிடும் இடத்தைப் பற்றியது. கூண்டு என்றால் நாடு, அலை என்றால் விடுதலை என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மறைபொருள் எழுதிவிட்டால், படங்கள் சங்கேதக் கடிதங்களாகிவிடும். சங்கேதம் அவிழ்ந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். இவை அப்படிப்பட்டவை அல்ல. மறைத்து அனுப்பியவை அல்ல, திறந்த அஞ்சலட்டைகளாகப் போனவை. வெளிநாட்டு நண்பர்களுக்கும் புரியட்டும் என்று பலவற்றில் ஆங்கிலச் சொற்களே இருந்தன. அவற்றின் அரசியல் செய்தியில் மட்டும் இல்லை, செயல்முறையில் இருக்கிறது. அரசு எந்தக் கருவியால் மனிதர்களைக் கோப்பாக்கியதோ, எந்தத் தாளில் உத்தரவு அடித்ததோ, எந்தக் கார்பனில் மூன்று படி எடுத்து மூன்று அலமாரிகளில் பூட்டியதோ, அதே மூன்றையும் கொண்டு யாருக்கும் உத்தரவிடாத ஒரு தாளைச் செய்து நட்புக்காக அனுப்புவது. அஞ்சலைத் திறந்த அதிகாரியின் கண்ணும் பழக்கத்தால் இடமிருந்து வலமாகத்தான் ஓடியிருக்கும். வரிக்கு வரி ஓர் எழுத்து இடம்பெயர்ந்துகொண்டே போகும் தாளில் அந்தப் பழக்கத்துக்குப் பிடிமானம் எங்கே இருக்கிறது?

கணினி வந்த பிறகு இதெல்லாம் நொடியில் ஆகிற காரியம் என்ற ஆட்சேபம் கடைசியாக மிஞ்சுகிறது. சம அகலமுள்ள எழுத்துரு ஒன்றை எடுத்து எந்த வடிவத்தையும் திரையில் நிரப்பிவிடலாம், உண்மைதான். அங்கே தவறு திரும்பப் பெறத்தக்கது, அழுத்தம் இல்லை, ரிப்பன் வெளிறுவதில்லை, நகலுக்கும் மூலத்துக்கும் வேறுபாடில்லை. வடிவம் மட்டும் எஞ்சும், அதைத்தான் வடிவ வாசிப்பு எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைய அலுவலகத்துக்கும் தன் பொருள்கள் இருக்கின்றன. பல நிற லேசர் அச்சுப்பொறிகள் ஒவ்வொரு தாளிலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைப் பதிக்கின்றன. பொறியின் வரிசை எண்ணும் அச்சிட்ட நேரமும் அந்தப் புள்ளிகளில் இருக்கின்றன. தட்டச்சின் தேய்மானத்தைத் தேடிய கண் இன்று பொறிக்குள்ளேயே குடியேறியிருக்கிறது. நம் காலத்தின் அலுவலகக் கோட்டைத் தேடும் ஓவியர் பழைய தட்டச்சு எழுத்துருவைத் திரையில் அடுக்குவதைவிட, அந்த மஞ்சள் புள்ளிகளிலிருந்து தொடங்குவது வோல்ஃப்-ரேஃபெல்ட்டுக்கு நெருக்கமான செயலாக இருக்கும்.

1989-இல் சுவர் விழுந்து, 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது வோல்ஃப்-ரேஃபெல்ட் படைப்பதையே நிறுத்திக்கொண்டார். அந்தத் தாள்களைத் தேவையாக்கிய சூழல் முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். அவர் இப்படிக் கருவியைக் கீழே வைத்ததைச் சிலர் இழப்பாகப் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை. தட்டச்சு இயந்திரம் அவருக்கு எப்போதும் கைக்கொள்ளக்கூடிய ஒரு பாணியாக மட்டும் இருந்திருந்தால், 1991-இலும் அது மேசையில்தான் இருந்திருக்கும். இப்போது அவருடைய தாள்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகின்றன. சட்டம் தாளைக் காப்பாற்றுகிறது, ஆனால் அதன் பின்பக்கத்தை மறைத்துவிடுகிறது. விசை பலமுறை விழுந்த இடத்தில் தாள் பின்புறம் புடைத்திருக்கும், முற்றுப்புள்ளி விழுந்த இடத்தில் துளைகூட விழுந்திருக்கலாம். சில தாள்களையாவது மேசை மேல் கிடத்தி, இருபுறமும் தெரியும்படி, கார்பன் படியைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். முதல் தாளில் கூர்மையாக நிற்கும் கூண்டுக் கம்பி, மூன்றாம் படியில் புகைபோல் கலைந்திருப்பதை அங்கே பார்க்கலாம்.